கறுப்புக் கடவுள் கண்டனக் கூட்டம்

1932 ஆகஸ்டில் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. வருஷத்துக்கு ஒன்று வரும். திருவனந்தபுரத்துத் தமிழ்ச் சபையின் ஏழைப் பிள்ளைகள் குளிரில் நடுங்குகிறார்கள் என்று அங்கே ஏதோ ஓர் ஊரின் பக்தியுள்ள சீமாட்டிகளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. பெட்டி நிறையக் கம்பளிக் காலுறைகள் இருக்கும். கூடவே ஒற்றைக் கண் போன பொம்மைகளும் வாழ்த்து அட்டைகளும்.

பெட்டியைக் கையெழுத்துப் போட்டு எடுத்து, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர் வேதமாணிக்கம். மிஷன் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா, சபைக்குச் செயலாளர். நாற்பத்தெட்டு வயது. தும்மினால்கூட ஆங்கிலத்தில்தான் தும்முவார் என்று சபையில் பேச்சு. கறுப்புக் கோட்டு போட்டு, கறுப்புக் குடை பிடித்து அவர் நடந்து வந்தால் குடை எங்கே முடிந்தது, அவர் எங்கே தொடங்கினார் என்பது சட்டென்று தெரியாது. இது அவருக்கும் தெரியும். அதனால்தான் காலையில் முகத்துக்குப் பவுடர் பூசாமல் அவர் வாசலைத் தாண்டியதில்லை.

பெட்டியைப் பிரித்தது எலிசாள். ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை. பொம்மைகள் உடையாமலிருக்கப் பழைய பத்திரிகைத் தாள்களைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். அதில் ஒரு தாளை எலிசாள் நீவி விரித்தபோது, கையில் குழந்தையோடு ஒரு தாய் அவளைப் பார்த்தாள். தலையைச் சுற்றி ஒளிவட்டம் இருந்தது. மாதாவும் பிள்ளையும்தான், சந்தேகமில்லை. ஆனால் இரண்டு பேரும் நல்ல கறுப்பு. தடித்த உதடு, சுருட்டை முடி. அமெரிக்காவில் கறுப்பு மக்கள் தமக்கென்று தொடங்கிய ஒரு சபையைப் பற்றிய செய்தி கீழே இருந்தது. சீமாட்டி வீட்டுச் சமையற்காரியின் பத்திரிகையாக இருந்திருக்கும். சீமாட்டிகள் பொம்மையைப் பார்த்தார்களே தவிர தாளைப் பார்க்கவில்லை.

எலிசாள் அதைக் கரி இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து, அட்டையில் ஒட்டி, வகுப்புச் சுவரில் மாட்டினாள். ஏற்கெனவே அங்கே ஒரு படம் இருந்தது. பொன்னிற முடி, நீலக் கண், ரோஜாக் கன்னம். பெத்லகேமில் பிறந்தவர் என்று சொல்லாவிட்டால் லிவர்பூல்காரர் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

அந்த ஞாயிறு, பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு பெண் புதுப் படத்தின் முன்னால் நின்றுவிட்டாள்.

"எங்க அத்தைக்க சாயலாக்கும்," என்று சொல்லிக் கும்பிட்டாள்.

திங்கட்கிழமை சபை பற்றிக்கொண்டது.

சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதில் வெள்ளை என்று சொல்லத்தக்கவை இரண்டே. ஒன்று ஹார்ட்லி துரை என்ற பாதிரியார், மற்றது சுவர். துரையும் சித்திரை வெயிலில் சிவப்பாகிவிடுவார். மற்ற முந்நூறு பேரும் தெற்கத்தி வெயிலில் விளைந்தவர்கள். அவர்களுக்குள் முன்பெஞ்சு, பின்பெஞ்சு என்று இரண்டு இருந்தது. முன்பெஞ்சுக்காரர்களின் குடும்பங்கள் முதலில் ஞானஸ்நானம் பெற்றவை. பின்பெஞ்சுக்காரர்கள் ரோட்டுக்குக் கல் உடைப்பவர்கள், வயலில் இறங்குபவர்கள், பிறகு வந்தவர்கள். இதில் ஜாதி எதுவும் இல்லை, வெறும் சீனியாரிட்டிதான் என்று துரைக்கு விளக்கியிருந்தார்கள். நாற்பது வருஷமாகியும் பின்பெஞ்சிலிருந்து ஒருவருக்கும் பிரமோஷன் வரவில்லை என்பதைத் துரை கவனிக்கவில்லை.

படத்தைக் கண்டு அதிகம் கொதித்தவர்கள் அதிகம் கறுத்தவர்கள். "நம்ம ஆண்டவரைப் போயி இப்படி அவமானப்படுத்தலாமா?" என்று கேட்ட மூப்பர் ஒருவரை அடுப்புக்கரி பக்கத்தில் நிறுத்தினால் கரி கொஞ்சம் வெளுத்துத் தெரியும்.

கடவுளின் நிறம் பற்றி விசாரிக்க ஏழு பேர் கொண்ட கமிட்டி போடப்பட்டது. செயலாளர் வேதமாணிக்கம். படத்தைக் கழற்றி அவர் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்கள். செய்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால்தானே கண்டிக்கலாம்? அதைத் தமிழில் பெயர்க்கும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது.

ஓணத்துக்கு ஆபீஸ் பூட்டியிருந்த ஒரு மத்தியானம் அவர் வீட்டில் உட்கார்ந்து பெயர்த்தார். முதல் பத்திகள் சிரிப்பாக இருந்தன. ஆதாம் கறுப்பனாம். பாவம் செய்து மாட்டிக்கொண்ட பயத்தில் வெளுத்துப்போன பிள்ளைகளின் வம்சம்தான் வெள்ளைக்காரர்களாம். தீர்க்கதரிசிகள் எல்லோரும் கறுப்பாம். ஒருநாள் எல்லோரும் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கே திரும்பித் தங்கள் ராஜ்யத்தை அமைப்பார்களாம். இதெல்லாம் பிதற்றல் என்று அந்த நாட்டிலேயே வேறு கறுப்புப் போதகர்கள் கண்டித்திருந்தார்கள். அங்கேயும் கமிட்டி போட்டிருக்கிறார்கள் என்பதில் வேதமாணிக்கத்துக்குச் சந்தோஷம்.

அப்புறம் ஒரு வாக்கியம் வந்தது. 'எங்களை விலங்கிட்டுக் கப்பலில் ஏற்றியவனின் முகத்தை ஒரு கடவுள் வைத்துக்கொண்டிருந்தால், விலங்கைக் கழற்று என்று அவரிடம் எப்படிக் கேட்பது?'

அதை அவர் மூன்று தடவை பெயர்த்தார். மூன்றாவது தடவை நன்றாக வந்தது. எழுந்து நின்று வாசித்துப் பார்த்தார். சமையற்கட்டிலிருந்து மனைவி ஜெயபாய் எட்டிப் பார்த்தாள்.

"என்னதாக்கும், பிரசங்கமா?"

"பிரசங்கம் இல்ல பிள்ளே, துர்உபதேசம்."

"கேக்கதுக்குக் கொள்ளாமே, நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

கமிட்டியில் வாசித்தபோது அந்த விலங்கு வாக்கியத்தை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்கள். பிறகு, இவ்வளவு ஆபத்தான உபதேசத்தைச் சபை முழுக்கக் கூட்டி வைத்துக் கண்டிக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். உபதேசம் அதுவரை பதினைந்து பேருக்குத்தான் தெரிந்திருந்தது.

மூன்று ஞாயிறு மாலைகள், ஓய்வுநாள் பள்ளி மண்டபத்தில், 'கறுப்புக் கடவுள் கொள்கைக் கண்டனம்'. பேச்சாளர் வேதமாணிக்கம். எதைக் கண்டிக்கிறோம் என்று முதலில் ஜனங்களுக்கு விளங்க வேண்டுமல்லவா? ஒரு மணி நேரம் விளக்கினார். கண்டிக்கப் பத்து நிமிஷம்தான் மிஞ்சியது. அடுத்த வாரம் ஜன்னல்களிலும் ஆள் நின்றது. அந்த விலங்கு வாக்கியம் வரும்போதெல்லாம் பின்பெஞ்சுப் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பும். அதைக் கேட்பதற்காகவே அவர் அதை இரண்டு முறை சொன்னார். கண்டனத்தைச் சொல்லும்போது மட்டும் எல்லோருக்கும் இருமல் வந்தது.

வலியசாலை அக்கிரகாரத்திலிருந்து வெங்கடசுப்ரமணியன் என்ற சர்க்கார் கணக்கர்கூட வேடிக்கை பார்க்க வந்து வாசலுக்கு வெளியே நின்றார்.

"இதுக்குப் போய் இவ்வளவு அமர்க்களமா ஓய்? எங்காத்துல கிருஷ்ணன் கறுப்பு, பெருமாள் கறுப்பு. யாராவது சண்டை போட்டோமா?" என்றார்.

பக்கத்தில் நின்றவன் யோசுவா. கல்லுடைப்பவர்களின் மேஸ்திரி, பின்பெஞ்சுக்காரன். மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்:

"அந்தக் கறுத்த சாமிய நாங்களும் ஒண்ணு வந்து பாக்கணும், சாமி. என்னைக்கு வரட்டும்?"

வெங்கடசுப்ரமணியனுக்குத் திடீரென்று வீட்டில் ஏதோ அவசரம் ஞாபகம் வந்தது.

மூன்றாவது கூட்டத்தின் முடிவில் யோசுவா எழுந்தான்.

"சாரே, ஒரு சம்சயம். கடவுளுக்கு நிறம் இல்லண்ணு சொன்னிய. செரி. பின்ன, அந்தச் செவுத்துல இருக்கப்பட்ட வெள்ளக்காரரு ஆரு?"

மண்டபம் முழுவதும் பொன்முடிக்காரரைத் திரும்பிப் பார்த்தது. வேதமாணிக்கம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். பவுடர் கைக்குட்டையோடு வந்தது. தலைமை வகித்த ஹார்ட்லி துரை, அவருடைய வேதாகமத் தமிழில், உதவிக்கு வந்தார்.

"பிரியமான சகோதரனே, நிறம் முக்கியமானதல்ல. அவருடைய சமுகத்தில் நாம் அனைவரும் சமமாயிருக்கிறோம்."

"அப்படியாக்கும்," என்றான் யோசுவா. "தொரை சொன்னா செரி."

அந்த வாரத்தில் வேதமாணிக்கத்துக்கு வேறொரு கவலை இருந்தது. மகள் ராஜபாயைப் பார்க்க நாகர்கோவிலிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பையனின் அப்பா கூட்டத்துக்கும் வந்து கேட்டவர். "சாரே, அந்த விலங்கு காரியம் சொன்னியளே, எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு," என்று கையைப் பிடித்துக்கொண்டார். பலகாரம் சாப்பிட்டார். ராஜபாய் வந்து நின்று, உள்ளே போனாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"பிள்ள நல்ல பிள்ள. படிப்பும் உண்டு. நிறம்தான் கொஞ்சம் மட்டு."

"கூட்டத்துல கண்ணு நெறஞ்சுதுன்னு சொன்னியளே," என்றாள் ஜெயபாய்.

"அது உபதேசம். இது கல்யாணமில்லா?"

அவர்கள் போன பிறகு ராஜபாய் வந்து தட்டுகளை எடுத்தாள். அப்பாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. "மிச்ச முறுக்கையும் பொதிஞ்சு குடுத்திருக்கலாம்," என்று மட்டும் சொன்னாள். பையனின் அப்பா கூட்டத்தில் ஜன்னலோரம் நின்று விட்ட பெருமூச்சுகளை எண்ணிப் பார்த்தபோது வேதமாணிக்கத்துக்குக் காது சுட்டது.

ஞாயிறு வந்தது. முன்பெஞ்சுக்காரர்கள் வழக்கம்போல மணி அடித்தபின் வந்தார்கள். முதல் நான்கு வரிசையிலும் யோசுவாவும் அவன் ஆட்களும் குளித்து, வெள்ளை உடுத்து, கையில் பாட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசைகள் காலி. அங்கே போய் உட்கார முன்பெஞ்சுக்காரர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் ஒருவரும் போகவில்லை. சுவர் ஓரமாக நின்றார்கள். கடவுளின் நிறத்துக்காக ஒன்றரை மாதம் வாதாடியவர்கள், அந்த நிமிஷத்தில் கடவுளையே மறந்து பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

துரை செயலாளருக்குக் கண்ணைக் காட்டினார். போய் எழுப்பிவிடும் என்று அர்த்தம்.

வேதமாணிக்கம் நடந்தார். திங்கட்கிழமை படியில் தடுக்கியதிலிருந்து அவருக்கு வலது முழங்கால் சரியில்லை. முதல் வரிசைக்கு வந்தபோது அது சுருக்கென்றது. பக்கத்தில் யோசுவா சட்டென்று தள்ளி இடம் விட்டான்.

"இருங்க சாரே."

இருந்துவிட்டார்.

ஒரு நிமிஷம் இளைப்பாறிவிட்டு எழுந்து காரியத்தைச் சொல்லலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் அதற்குள் சபை மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். மூப்பர்களின் முகங்களில் அவர் இதுவரை பார்த்திராத ஒன்று இருந்தது. பயம். முப்பது வருஷம் எல்லோருக்கும் குனிந்து மினிட் எழுதிய வேதமாணிக்கத்தைப் பார்த்து ஒருவர் பயப்படுவது இதுவே முதல் தடவை. அது மோசமாக இல்லை. பெண்கள் பக்கத்தில் எலிசாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த நிலையில் முழங்காலைப் பற்றி எப்படிச் சொல்வது? ஆராதனை முடியும்வரை இருந்தார்.

மறுநாள் துரை அவரை அறைக்குக் கூப்பிட்டார். கோபமில்லை. மேஜைமேல் வெள்ளைத் தாள், பேனா.

"உமக்கு முழங்காலில் நோவு உண்டென்று கேள்விப்பட்டேன். அதினிமித்தம் உட்கார்ந்தேன் என்று எழுதிக்கொடும். எல்லாம் சமாதானமாகும்."

உண்மையை எழுதினால் போதும். இப்படிப்பட்ட வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? வேதமாணிக்கம் பேனாவை எடுத்தார். முழங்காலும் அந்த நேரம் பார்த்து விண்ணென்று வலித்தது. 'நிறம் கொஞ்சம் மட்டு' என்ற குரல் எங்கிருந்தோ வந்தது. அவர் தமது அழகான கையெழுத்தில், ஆங்கிலத்தில், ஒரு வரி எழுதினார். தமக்கு முழங்காலில் வலி எதுவும் இல்லை என்று.

ஆயுளில் அவர் எழுத்துமூலம் சொன்ன முதல் பொய் அதுதான். எழுதி முடித்ததும் எழுந்து நிற்க முடியாமல் துரையின் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. செயலாளர் பதவி மூப்பர் ஒருவரின் மருமகனுக்குப் போயிற்று. எலிசாளைத் தண்டிக்கவில்லை, அவளுடைய ஆரோக்கியத்தை உத்தேசித்துப் பொன்முடித் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல மலைக்கு அனுப்பினார்கள். படம் எங்கே போனதென்று தெரியவில்லை. கமிட்டி மட்டும் கலையவில்லை. கடவுளின் நிறம் பற்றிய முடிவை மறு கூட்டத்துக்கு ஒத்திவைத்துக்கொண்டே இருந்தது. ஆபீஸ் வேலையில் வேதமாணிக்கத்தை வைத்துக்கொண்டார்கள். துரைக்கு அவரைவிட நன்றாக ஆங்கிலம் எழுதும் ஆள் கிடைக்கவில்லை.

யோசுவாவும் நாற்பது குடும்பங்களும் கரமனை ஆற்றங்கரையில் ஓலைக் கொட்டகை ஒன்று போட்டுத் தனியாக ஜெபிக்கத் தொடங்கினார்கள். பிரசங்கிக்க வேதமாணிக்கத்தைக் கூப்பிட்டார்கள். அவர் போனார். கண்டிக்க ஒன்றும் இல்லாமல் பேசுவது அவருக்கு முதலில் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவது வாரம் அவர் பேசிக்கொண்டிருக்கையில் ஜெயபாயும் ராஜபாயும் வந்தார்கள். ஜெயபாய் நான்கு பக்கமும் பார்த்தாள். பெஞ்சு இல்லை, நாற்காலி இல்லை. எல்லோரும் மணலில் இருந்தார்கள். ஒரு கிழவி நகர்ந்து, தன் துண்டை விரித்துக் கொடுத்தாள். ஜெயபாய் சேலையை இடுக்கிக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ராஜபாய் துண்டு வேண்டாமென்று மணலிலேயே இருந்தாள்.

கூட்டம் முடிந்து திரும்பும்போது ஜெயபாய் சேலையிலிருந்து மணலை உதறிக்கொண்டே வந்தாள்.

"இஞ்ச பாருங்கோ. பேச்சு கொஞ்சம் நீளம்."

"ம்."

"அடுத்த ஞாயிறு நம்ம வீட்டுப் பாய் ரெண்டையும் எடுத்திட்டு வருவோம். பெரிய பாய். அந்தக் கெழவிக்கும் அதுல இருக்கலாம்."

வேதமாணிக்கம் முழங்காலைத் தாங்கித் தாங்கி மெதுவாக நடந்தார். ராஜபாய் வந்து கையைக் கொடுத்தாள்.