தோட்டக்குழாய் வாஷர்

கடையில் விற்கிற பீர்ப் பெட்டியின் விலையைப் பார்த்துவிட்டு லெஸ்டர் ஒரு வாரம் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு குட்டி ஃபிரிட்ஜ், அதன் தலையில் ஒரு குழாய், உள்ளே ஒரு பீப்பாய், பக்கத்தில் பீரை நுரைக்க வைக்க ஒரு கார்பன் டை ஆக்சைடு கேஸ் சிலிண்டர். இதற்கா இவ்வளவு? மே மாதம் விடுதியைக் காலி செய்கிற கல்லூரிப் பிள்ளைகள் தெருவோரம் தள்ளிவிட்டுப் போன ஃபிரிட்ஜ் ஒன்றை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தான். தட்டுகளைப் பிடுங்கினான். ஐஸ் தட்டை உடையாமல் வளைத்து ஓரம் கட்டினான். மேலே துளை போட்டு, மிச்சம் கிடந்த தண்ணீர்க் குழாய்த் துண்டை நிமிர்த்தி நிறுத்தி, அதில் பீர்க் குழாயை மாட்டினான். சிலிண்டர் உள்ளே அடங்கவில்லை. அதைத் தரையில் நிறுத்தி, பின்பக்கத் துளை வழியாக ரப்பர் குழாயை உள்ளே விட்டான்.

எல்லாம் நிலவறையில். வீட்டின் கீழ்த்தளத்திலிருந்தும் சில படிகள் கீழே, ஜாடிகளில் ஊறுகாயும் பீச் பழமும் அடுக்கி வைக்கிற, சன்னலே இல்லாத சின்ன அறை அது. கோடையிலும் சில்லென்றிருக்கும், ஃபிரிட்ஜுக்குக் கரண்ட் மிச்சம் என்று கணக்குப் போட்டிருந்தான். குளிர் வெளியே போகாமலிருக்கக் கதவுக்கு ஸ்பிரிங் வேறு.

கஞ்சத்தனம் மட்டும் காரணமில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில், அவன் மனைவி மார்லிஸின் அண்ணன் கோர்டி, லெஸ்டர் வீட்டில் காய்ச்சிப் பாட்டிலில் அடைத்திருந்த பீரை ஒரு வாய் குடித்து அப்படியே கிண்ணத்தில் துப்பிவிட்டு, "பாத்திரம் கழுவின தண்ணியா இது?" என்று கேட்டான். கூடியிருந்த சொந்தம் மொத்தமும் சிரித்தது. லெஸ்டர் அவன் கோட்டை எடுத்து வாசல் பனியில் எறிந்தான். அதன் பிறகு கோர்டி இந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அண்ணனை மார்லிஸ் மளிகைக் கடை வாசலில் வைத்துப் பார்த்துப் பேசிவிட்டு வருவாள், என்னமோ திருட்டுத்தனம் செய்கிறவள் போல.

இந்த நவம்பரில்தான் அவளே முடிவு செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை டிவில ஃபுட்பால் ஆட்டம் பாக்க கோர்டிய வரச் சொல்லியிருக்கேன். எனக்குன்னு மிச்சமிருக்கிறது அவன் ஒருத்தன்தான், லெஸ்டர். இந்தத் தடவையும் நீங்க ரெண்டு பேரும் முட்டிக்கிட்டா, சாகற வரைக்கும் அவன் இங்க வரமாட்டான்."

"நான் என்ன பண்ணப் போறேன்? நல்ல பீரா ஊத்திக் குடுக்கப் போறேன். அவ்ளோதான்."

அங்கேதான் வினை பிடித்தது. பீப்பாயில் இருக்கிற பீருக்குள் நுரை ஏற வேண்டுமானால் கேஸைக் கொஞ்சமாகத் திறந்து வைத்து ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும். லெஸ்டர் வேலையை முடித்தபோதே சனிக்கிழமை சாயங்காலம். வீட்டில் பீர் காய்ச்சுகிற எல்லோரும் அவசரத்துக்குச் செய்கிற காரியத்தை அவனும் செய்தான். அழுத்தத்தை மூன்று மடங்கு ஏற்றிவிட்டுத் தூங்கப் போனான். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிலிண்டர் வாயில் மீட்டரைத் திருகும்போது நடுவில் போடுகிற வாஷர் எங்கோ தொலைந்திருந்தது. கடை அடைத்தாகிவிட்டது. தோட்டத்துத் தண்ணீர்க் குழாயிலிருந்த ரப்பர் வாஷரைக் கழற்றி, கத்தியால் ஓரம் சீவிப் போட்டு இறுக்கினான். சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கிற வழக்கத்தை அன்றைக்கு விட்டுவிட்டான்.

ஞாயிறு காலை கீழே போனபோது சிலிண்டர் வாயில் மெல்லிய இரைச்சல் கேட்டது. மீட்டரின் முள் நேற்றைவிட நன்றாக இறங்கியிருந்தது. குளிரில் முள் இறங்கத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஸ்பேனரை எடுத்து நட்டை முறுக்கினான். இரைச்சல் அடங்கின மாதிரி இருந்தது. மூச்சு வாங்கியது, நெற்றிப்பொட்டு தெறித்தது. மேலே வந்தவனை மார்லிஸ் உற்றுப் பார்த்தாள்.

"என்ன, முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு? கேஸ் ஒழுகுதா?"

"எல்லாம் கச்சிதமா இருக்கு."

ஒழுகுகிறது என்று ஒப்புக்கொண்டால் சிலிண்டரை மூட வேண்டும். மூடினால் பீர் இல்லை. பீர் இல்லையென்றால் அடுத்த பத்து வருஷத்துக்கு ஊர் முழுக்க கோர்டி இதையே சொல்லிச் சிரிப்பான்.

கோர்டி மத்தியானம் வந்தான். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, கிரீன் பே அணியின் பச்சைச் சட்டை, கையில் ஒரு பை நிறைய சீஸ் கட்டிகள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று கோட்டைக் கழற்றினான்.

"இத எங்க மாட்டட்டும் மச்சான்? இல்ல, வெளியவே போட்டுறட்டுமா?"

அடுப்பங்கரையில் மார்லிஸின் கை அப்படியே நின்றது.

"ஆணியில மாட்டு. எறியணும்னா அப்புறமா எறிஞ்சுக்கலாம்," என்றான் லெஸ்டர்.

கோர்டி ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரித்தான். மார்லிஸ் திரும்பிக்கொண்டு சாசேஜ்களைப் புரட்டினாள். அவள் கண்ணைத் துடைத்ததை லெஸ்டர் பார்த்தான். இன்றைக்கு எப்படியாவது நல்லபடியாக முடிந்துவிட வேண்டும் என்று அவனுக்கும் மனதாரத் தோன்றியது.

ஆட்டம் தொடங்கியது. லெஸ்டர் கீழே போய்க் கண்ணாடிக் கூஜாவில் பீர் பிடித்துக்கொண்டு வந்தான். கூஜா முழுக்க நுரை. ஒரு ராத்திரியில் திணித்த கேஸ் வேறு என்ன செய்யும்? இரண்டாவது தடவையும் நுரைதான். படியேறும்போது நெற்றி மறுபடி தெறித்தது.

"பீர் எங்க மச்சான்?" கோர்டி கூஜாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "ஷேவ் பண்ணிக்கச் சொல்லிக் குடுத்தியா?"

"பொறு. அடங்கும்."

"அடங்காது. கேஸ ஏத்தித் தொலைச்சிருக்க. எங்கிட்டக் குடு, நான் போய்ச் சரி பண்றேன்."

"என் பெட்டில நீ கை வைக்காதே."

"லெஸ்டர்." மார்லிஸ் அடுப்பங்கரை வாசலில் நின்றாள்.

லெஸ்டர் சோபாவில் சாய்ந்தான். "போ. போய்ப் பாரு."

கோர்டி கூஜாவோடு படி இறங்கினான். கேஸ் லேசா ஒழுகுது, கதவத் தொறந்தே வச்சுக்க. இந்த ஒரு வரி லெஸ்டரின் நுனி நாக்கு வரை வந்தது. அதைச் சொன்னால் அடுத்த நிமிஷம் அவன் என்ன சொல்லிச் சிரிப்பான் என்பதும் கூடவே வந்தது. வாயை மூடிக்கொண்டான்.

கீழே ஸ்பிரிங் கதவு சாத்திக்கொள்கிற சத்தம் கேட்டது.

ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. லெஸ்டரின் கண்தான் திரையில் இருந்தது. அவன் மனசுக்குள் கோர்டி பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். வாஷரைப் பார்த்திருப்பான். அதைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே வரப்போகிறான்.

"இன்னும் அங்க என்ன பண்றான்?" மார்லிஸ் கேட்டாள். "சாசேஜ் ஆறுது."

"ஆராய்ச்சி பண்றாரு தொரை. விடு."

அப்போது கிரீன் பே பையன் ஒருவன் பந்தைக் கட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டி விழுந்தான். டச் டவுன். அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் கத்தின. டிவி அலறியது.

கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

கோர்டி தன் அம்மாவின் சாவு வீட்டில்கூட ரேடியோவில் டச் டவுன் கேட்டுக் கத்தியவன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவன் போடுகிற கத்தல் இந்தக் கரைக்குக் கேட்கும் என்று ஊரே கேலி செய்யும். இறங்கின முள், இரைச்சல், தன் தலைவலி, சன்னலில்லாத அறை, எல்லாம் ஒரே அடியாக வந்து லெஸ்டர் மேல் மோதின. அந்தக் கேஸ் நிறைந்த அறையில் மூச்சுவிடக் காற்று இருக்காது.

"மார்லிஸ், ஆம்புலன்ஸக் கூப்பிடு. கூப்பிட்டுட்டு வெளிப்பக்கமாப் போயி கீழ்த்தளக் கதவத் தெற. நீ உள்ள எறங்காத."

"என்ன ஆச்சு?"

"எறங்காதேன்னு சொல்றேன்ல."

நிலவறைக் கதவுக்கு முன்னால் நெஞ்சு கொள்கிற மட்டும் மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு, கதவைத் தள்ளினான். கோர்டி ஃபிரிட்ஜின் பக்கத்தில் தரையில் சரிந்து கிடந்தான். உதடு நீலம். முறுக்கின இடத்தில் ரப்பர் கிழிந்து பிதுங்கியிருந்தது. லெஸ்டர் அவன் அக்குளில் கை கொடுத்து இழுத்தான். அந்த உடம்பு ஓரடி நகர்ந்தது. இன்னும் ஓரடி. படியில் இடித்து நின்றுவிட்டது. நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. இங்கே மூச்சு விட்டால் இரண்டு பேரும் இங்கேயேதான் கிடக்க வேண்டும். கையை எடுத்தான். கோர்டியை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினான். அவனை விட்டுவிட்டு வருகிறோம் என்பது அந்த ஓட்டத்திலும் அவனுக்கு உறைத்தது.

ஒரு பழைய பெயின்ட் டப்பாவைக் கதவுக்கு அண்டக் கொடுத்தான். மூச்சை இழுத்தான். மறுபடி இறங்கினான். இப்போது வெளிப்பக்கத்துச் சாய்வுக் கதவு திறந்து குளிர்காற்று கீழ்த்தளத்துக்குள் பாய்ந்தது. மேல்படியில் நாலு விரல் தெரிந்தது. மார்லிஸின் விரல்கள். சொன்னதைக் கேட்காமல் உள்ளே வந்துவிட்டாள். அண்ணனின் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். லெஸ்டர் கீழேயிருந்து தோளால் முட்டினான். அந்தப் பெரிய உடம்பு ஒவ்வொரு படியாக ஏறியது.

வெளியே பனிப் புல்லில் போட்டார்கள். மார்லிஸ் அவன் கன்னத்தில் அடித்தாள். "கோர்டி. கோர்டி. டேய்." கோர்டியின் வயிறு ஒரு தடவை குழிந்தது. அப்புறம் அவன் குறட்டை மாதிரி ஒரு மூச்சு இழுத்தான். லெஸ்டர் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஆம்புலன்ஸோடு தீயணைப்பு வண்டியும் வந்தது. ஒருவர் காற்று சிலிண்டர் மாட்டின முகமூடியோடு உள்ளே போய்ச் சிலிண்டரை மூடிவிட்டு வந்தார்.

"நட்டுலதான் கேஸ் போயிருக்கு. யாரு கை வச்சது?"

ஸ்டிரெச்சரில் கிடந்த கோர்டி ஆக்ஸிஜன் மூடியை விரலால் தூக்கினான். "நாந்தான். நுரையக் கொறைக்கலாம்னு கழட்டினேன்."

மார்லிஸுக்குப் பயமெல்லாம் கோபமாகத் திரும்பியது. "உனக்கு எதையும் நோண்டாம இருக்க முடியாதா? ஒரு நாள், ஒரே ஒரு நாள், கையை வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியாதா?"

கோர்டி லெஸ்டரைப் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்த்தபடி கிடந்தான். அவன் பொய் சொல்கிறான், அது தன் தங்கைக்காக என்பது லெஸ்டருக்குப் புரிந்தது. தலையை ஆட்டினால் போதும். எல்லாம் முடிந்துவிடும். அண்ணனும் வருவான், புருஷனும் யோக்கியனாக இருப்பான். அந்த நிமிஷத்தில் அவனுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை.

"அவன் இல்ல," என்றான். "காலையிலேயே ஒழுகுச்சு. எனக்குத் தெரியும்."

மார்லிஸ் மெல்லத் திரும்பினாள். "நான் கேட்டேனே."

"கேட்ட."

"தெரிஞ்சுதான் அவன உள்ள அனுப்பினியா?"

"சிரிப்பானேன்னு சொல்லல."

அவள் கத்துவாள் என்று நினைத்தான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் அண்ணனின் காலில் நழுவியிருந்த போர்வையைச் சரிசெய்தாள். கோர்டி மறுபடி மூடியைத் தூக்கினான்.

"உன்னக் காப்பாத்தலாம்னு பாத்தா, அதுக்கும் விடமாட்டியா?" மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்தினான். "அடுத்த ஞாயிறு எங்க வீட்ல ஆட்டம். ரெண்டு பேரும் வாங்க. பாட்டில் பீர்தான்."

ஸ்டிரெச்சரை ஏற்றினார்கள். மார்லிஸ் பின்னாலேயே ஏறி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அண்ணன் திரும்பக் கிடைத்துவிட்டான். லெஸ்டர் வண்டியருகே போய் நின்று, "நானும் வரட்டுமா?" என்று கேட்டான்.

அவள் அவனைப் பார்த்தாள். கதவைச் சாத்த வேண்டியவர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி காத்திருந்தார்.