பதினெட்டாம் தேதிப் பக்கம்

என் டைரிகளில் வெற்றுப் பக்கம் என்று ஒன்று கிடையாது. 1988இல் தொடங்கியது, இந்த ஆண்டோடு முப்பத்தொன்பது டைரிகள். தினமும் மாலை ஆறு மணிக்கு எழுத உட்காருவேன். மழை பெய்ததா, யார் வந்தார்கள், யாருக்கு என்ன கடிதம் போட்டேன் என்று எட்டு வரிக்குக் குறையாமல் எழுதுவேன். பஸ் டிக்கெட், ரசீது, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையின் மடிப்பில் போட்டுவைத்து, சனிக்கிழமை அந்தந்தத் தேதியில் ஒட்டுவேன்.

பாப்பிரெட்டிப்பட்டியில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். திங்கட்கிழமை குறைதீர் நாளுக்குத் தர்மபுரி போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையே என்னிடம் வந்துவிடுவார்கள். திங்கள் தேதி போட்டு, ‘இன்று நேரில் வந்து சமர்ப்பிக்கிறேன்’ என்று ஞாயிறே எழுதிவிடுவேன். மறுநாள் அது உண்மையாகிவிடும். அந்தப் பழக்கம் டைரிக்கும் வந்துவிட்டது. நாளை இன்னதுதான் நடக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால், அலைச்சலான நாளாக இருந்தால், அந்தப் பக்கத்தை முந்தின நாளே முடித்துவிடுவேன். மாறி நடந்தால் திருத்திக்கொள்ளலாம் என்பது எண்ணம். திருத்தியதாக நினைவில்லை.

சென்ற வாரம் கவிப்பிரியா போன் செய்திருந்தாள். என் தங்கை தேன்மொழியின் மகள். இரண்டு வயதிலிருந்து நான் வளர்த்த பிள்ளை, இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. வெள்ளிக்கிழமை வளைகாப்பு.

“மாமா, அம்மா ரயில் ஏறின அன்னிக்கு எழுதுன டைரி இருக்குதில்ல? அத எனக்குக் குடுத்துருங்க. பொறக்கறதுக்குக் காட்ட எங்கிட்ட ஒரு போட்டோகூட நல்லதா இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை வா, எடுத்து வைக்கிறேன் என்றேன். ஞாயிறு ஜனவரி பதினெட்டு. தேன்மொழி போனதும் அதே தேதியில்தான்.

1999 பொங்கல் கழிந்த திங்கட்கிழமை அது. தேன்மொழியின் வீட்டுக்காரர் லாரி விபத்தில் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் நான், அவள், குழந்தை, மூன்று பேர்தான். சென்னையில் ஒரு துணி கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. பொம்மிடியில் காலை எட்டு பத்து வண்டியில் அவளை ஏற்றிவிட்டேன். அவள் சென்னை போய்ச் சேரவில்லை. நான்காம் நாள் போலீசில் கேட்டபோது டைரியைத் திறந்து அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். அவர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். டைரியை வாங்கி வைத்திருந்து ஆறு மாதம் கழித்துத் தந்தார்கள். அதன்பின் நான் அதைத் திறக்கவில்லை. திறக்க என்ன இருக்கிறது, மனப்பாடமான பக்கம்.

கவி குழந்தையாக இருந்தபோது சோறு ஊட்டும்போதெல்லாம் அந்தக் கதையைத்தான் கேட்பாள். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், கம்பியைப் பிடித்த கை நிறையப் பச்சை வளையல், உன்னைப் பார்த்துக் கை ஆட்டினாள் என்பேன். அவளும் ஆட்டுவாள்.

ஞாயிறு காலை காபி குடித்துவிட்டு 1999ஐ எடுத்துத் தூசி தட்டினேன். உறையின் மடிப்பு உப்பியிருந்தது. அந்த வாரத்துச் சீட்டுகள் ஒட்டப்படாமல் உள்ளேயே கிடந்தன. ஒழுங்காக ஒட்டிக் கொடுப்போம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பொம்மிடி பஸ் டிக்கெட் இல்லை. பிளாட்பாரம் டிக்கெட்டும் இல்லை. பழுப்பேறிய ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. கவிப்பிரியா, வயது 2. காய்ச்சல், வலிப்பு. 18.1.99, காலை 7.40. உடன் வந்தவர்: மாமா. கீழே என் கையெழுத்து.

அந்த ஆஸ்பத்திரியிலிருந்து பொம்மிடிக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஆகும்.

பக்கத்தைத் திருப்பினேன். பதினேழாம் தேதி ரீபிள் மங்கிக்கொண்டே வந்திருந்தது. பதினெட்டாம் தேதியில் இன்னும் மங்கி, கடைசி வரி வெறும் கீறலாக இருந்தது. பத்தொன்பதில் புது ரீபிள், கரேலென்று. ‘தேன்மொழியை 8.10 வண்டியில் ஏற்றிவிட்டேன். வண்டி சரியான நேரம். இடம் கிடைத்தது.’ இரண்டு பக்கமும் ஒரே மூச்சில், பதினேழாம் தேதி ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, தேன்மொழி உள்ளே துணி மடித்துக்கொண்டிருக்கும்போது எழுதியது.

அதில் ஜன்னல் இல்லை. வளையல் இல்லை.

அப்படியானால் அவை எங்கிருந்து வந்தன? மற்ற டைரிகளை இறக்கி, எல்லாவற்றிலும் ஜனவரி பதினெட்டை மட்டும் விரித்துத் தரையில் வரிசையாக வைத்தேன்.

2000: ‘தேன்மொழியை ரயிலேற்றி ஓராண்டு.’
2003: ‘ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.’
2007: ‘கம்பியைப் பிடித்த கையில் பச்சை வளையல்.’
2012: ‘வண்டி நகரும்போது ஏதோ சொன்னாள். காதில் விழவில்லை.’
2019: ‘பாப்பாவைக் குடுண்ணா என்றாள்.’
2025: ‘நான் கொடுக்கவில்லை. கையை நீட்டிக்கொண்டே இருந்தாள்.’

ஆண்டுக்கு ஆண்டு வண்டி தூரம் போகவில்லை. அவள்தான் கிட்டே வந்துகொண்டிருந்தாள். மூன்று முறை எழுந்து வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன்.

சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டிருக்கலாம். அது எனக்கும் தோன்றியது. போட்டால் கவிக்கு அவள் அம்மா ஜன்னலோரத்தில் இருப்பாள். போடாவிட்டால் எங்கும் இருக்கமாட்டாள். பதினோரு மணிக்குக் கவியை அவள் கணவன் குரு காரில் இறக்கிவிட்டு, கடைத்தெருவுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிப் போனான். அதுவரை சீட்டு என் சட்டைப் பையிலேயே இருந்தது.

உள்ளே வந்தவள் தரையைப் பார்த்துச் சிரித்தாள். “என்னங்க மாமா, டைரிக்கெல்லாம் பந்தி போட்டுருக்கீங்களா? நான் எத்தன தடவ தும்முனேன்னுகூட இருக்கும்போலிருக்குதே.” வளையல் எல்லாம் வெள்ளிக்கிழமைதான் என்று கையை ஆட்டிக் காட்டினாள். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, சீட்டை நீட்டினேன். பிறகு சொன்னேன். ரீபிள், பழக்கம், நேரம் எல்லாவற்றையும் மனு போல வரிசையாகச் சொன்னேன். வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியாது.

அவள் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“அப்ப அம்மாவக் கடைசியாப் பாத்தது யாரு?”

“தெரியல கண்ணு.”

“வூட்ட விட்டுக் கெளம்பினாங்களா?”

அதுவும் தெரியவில்லை. அன்று காலையைத் தேடினால் எனக்கு ரயில்தான் கிடைக்கிறது.

“அந்த வளையல், கை ஆட்டுனது எல்லாம் பொய்யா சொன்னீங்களா மாமா?”

“பொய் சொல்லல. இப்பவும் எனக்குத் தெரியுது.”

பிறகு போலீஸ் எங்கே தேடினார்கள் என்று கேட்டாள். ஜோலார்பேட்டை, காட்பாடி, சென்னை என்று ரயில் போன பக்கமெல்லாம் தேடியதைச் சொன்னேன்.

“இந்தப் பக்கம்?”

“இந்தப் பக்கம் யாரும் தேடல.”

அவள் அழவில்லை. ஜன்னல் வழியாக வெளியே, எங்கள் மானாவாரிக் காட்டையும் அதற்கப்பால் தூர்த்துவிட்ட கிணற்று மேட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அங்கே பார்த்தேன், பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

“நாளைக்கு எஸ்.பி. ஆபீசுக்கு மனு எழுதுங்க. ரயில் ஏத்தலைன்னு எழுதுங்க. நானும் வர்றேன்.”

சரி என்றேன். நடந்ததை அப்படியே இன்றைய தேதியில் குறித்துவைக்கிறேன் என்று இந்த ஆண்டு டைரியைத் திறந்தேன். பக்கம் நிரம்பியிருந்தது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நான் எழுதியது. கவி என் தோளுக்குப் பின்னால் நின்று வாய்விட்டுப் படித்தாள்.

“கவிப்பிரியா வந்தாள். 1999 டைரியைக் கொடுத்தேன். சந்தோஷமாகப் போனாள். வாசலில் நின்று கை ஆட்டினாள்.” நிறுத்தினாள். “நான் இன்னும் போவவே இல்லையே மாமா.”

பேனாவை அவளிடம் கொடுத்து, குறுக்கே கோடு போட்டுவிட்டு உன் கையாலேயே எழுது, நான் எழுதினால் அடுத்த ஆண்டு வேறாகிவிடும் என்றேன். முப்பத்தொன்பது டைரிகளில் முதல் அடித்தல் அதுதான். ஓரத்தில் இருந்த இடத்தில் எழுதினாள்: ‘அம்மா ரயில் ஏறியதை மாமா பார்க்கவில்லை. இன்று 12.20க்கு என்னிடம் சொன்னார். நான் சந்தோஷமாகப் போகவில்லை.’ கையெழுத்துப் போட்டாள்.

குரு வந்ததும் கிளம்பினாள். 1999ஐயும் சீட்டையும் எடுத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. கார் கதவைச் சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

மனுவை அன்று எழுதவில்லை. திங்கட்கிழமை விடிந்தபிறகு, திங்கட்கிழமை தேதியைப் போட்டு எழுதினேன். எழுதுமுன் டைரியைத் திறந்து அவள் எழுதிய மூன்று வரிகளையும் இரண்டு முறை படித்தேன். அதுதான் நடந்தது. எனக்குச் சந்தேகமில்லை.

ஆனாலும் கண்ணை மூடினால் கவி வாசலில் நின்று கை ஆட்டுகிறாள். கை நிறையப் பச்சை வளையல்.