எழுபதாம் கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் கதவு

எழுபதாம் கல்யாணத்துக்கு மறுநாள் எங்கள் படுக்கையறைக் கதவு என் மகனின் ஆள்காட்டி விரலைக் கடித்துத் தின்றது. அவன் தட்டாமல் திறக்க வந்தான். தப்பு அவன் மேல்தான்.

கல்யாணத்தை நடத்தியதே அவன்தான். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு எழுபது முடிந்தால் பெண்டாட்டி கழுத்தில் மறுபடி தாலி கட்ட வைப்பார்கள். பிள்ளைகள் முன்னால் நின்று நடத்துவார்கள். என் மகன் அறவாழி ஒரு படி மேலே போய்க் கட்டிலுக்கு மல்லிகைச் சரம் கட்டினான். மருமகள் வசுமதி பாலும் பழமும் வைத்தாள். சொந்தக்காரர்கள் கைதட்டிச் சிரித்து, எங்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கேலிக்குத்தான் செய்தார்கள். போட்டோ எடுத்ததும் வெளியே வந்துவிடுவோம் என்று நினைத்தார்கள்.

நாங்கள் வரவில்லை.

என் மனைவி தனபாக்கியத்துக்கு அறுபத்தாறு. அன்று அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு யாரும் நம்பவில்லை. எனக்கு வெட்கமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது. அதன் பிறகு காலை, மத்தியானம், சாயங்காலம் என்று எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

அறவாழி கடப்பாரையோடு வந்தான். கதவு அதை முருங்கைக்காயைப் போல மென்று சக்கையைத் துப்பியது. கூடவே அவனுடைய இன்னும் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது.

"அப்பா, இந்த வயசுல இது தேவையா?" என்று வெளியிலிருந்து கத்தினான்.

"நீதானடா கட்டி வச்சே."

"அதெல்லாம் சாங்கியத்துக்குப்பா."

"தாலி கட்டினது நெசந்தானே?"

அவன் ரத்தம் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. தனபாக்கியம் பழைய துண்டால் துடைத்தாள். பெற்ற பிள்ளையின் ரத்தம் என்று கொஞ்ச நேரம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கூப்பிட்டேன்.

பிறகு ஆசாரி ரம்பத்தோடு வந்தார். ரம்பம் போயிற்று, ஒரு காதும் போயிற்று. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நல்ல தேக்குங்க, சும்மா சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த காதில் பென்சிலைச் சொருகிக்கொண்டு போனார்.

அந்த வாரம் கூடத்துக்கும் எங்கள் அறைக்கும் இடையிலிருந்த நடை நீண்டுவிட்டது. வசுமதி ஆட்டோ பிடித்து வந்து ஜன்னல் கம்பி வழியாகக் காபி கொடுத்தாள். காபி ஆறிப்போயிருந்தது. அதைச் சொன்னதற்கு அவள் முறைத்தாள்.

கடைசியில் மனநல டாக்டரை அழைத்து வந்தார்கள். விவரம் தெரிந்த மனிதர். கதவைத் தொடாமல் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, வயசானவங்களுக்கு ஆசை இருக்கறது வியாதி இல்ல."

"அதை என் மகன்கிட்ட சொல்லுங்க."

"சொல்லிட்டேன். நீங்க வெளிய போயி எத்தனை நாளாச்சு?"

"கணக்கு வைக்கலை."

"உங்க சிநேகிதர் ஒருத்தர் தவறிட்டாராமே. போனீங்களா?"

"நேரமில்லை."

"நிறுத்தணும்னு நினைச்சா உங்களால நிறுத்த முடியுமா?"

"எதுக்கு நிறுத்தணும்? இதுல யாருக்கு என்ன கெடுதல்?"

"அதை அம்மாகிட்டதான் கேக்கணும்."

"அவளுக்கென்ன. நல்லாத்தான் இருக்கா."

"அவங்களே சொல்லட்டும்."

அவர் எழுந்து வந்து, சாவித் துவாரத்தில் வாயை வைத்து "அம்மா" என்றார். கதவு அவர் தலையை எடுத்துக்கொண்டது. கண்ணாடி மட்டும் உடையாமல் உள்ளே விழுந்தது. தனபாக்கியம் அதைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். அவர் கேட்க வந்த கேள்வியை நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் வசுமதி ஜன்னலுக்கு வெளியே நின்று, தனபாக்கியத்தின் தங்கை மரகதத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னாள்.

"ரொம்ப முடியலையாம். ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வந்துடறேன்" என்றாள் தனபாக்கியம்.

"நாளைக்குப் போலாம்."

"என்னைத்தான் தேடறாளாம்."

"செத்த இரு. இப்பத்தானே வந்து படுத்தே."

இருந்தாள். மறுநாளும் நான் அதையே சொன்னேன். அதற்கு மறுநாள் வசுமதி காபி இல்லாமல் வந்தாள்.

"அத்தை, சின்னத்தை போயிட்டாங்க."

தனபாக்கியம் அழவில்லை. எழுந்து முகம் கழுவினாள். நூல் புடவையைக் கட்டிக்கொண்டு கதவருகே போய் நின்றாள்.

நான் முந்திக்கொண்டு கதவில் கை வைத்துக் காட்டினேன். அது என் கையை நக்கியது. வெதுவெதுப்பாக இருந்தது.

"பாத்தியா, ஒண்ணும் செய்யாது. வா" என்றேன்.

அவள் கை வைத்தாள். கதவு மணிக்கட்டுவரை கவ்விக்கொண்டது. எலும்பு உடையும் சத்தம் கேட்டது. அவள் கதவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"விடச் சொல்லுங்க."

"விடு" என்றேன். அது முழங்கைக்கு ஏறியது.

"சொல்லிட்டேனே, தனம்."

"வாயால சொல்றீங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டு, அவள் போகட்டும் என்று நினைக்கப் பார்த்தேன். மனதார நினைக்கத்தான் பார்த்தேன். அப்போதும் அவள் கழுத்து வேர்வை வாசனைதான் நினைவுக்கு வந்தது. கதவு இன்னும் பலமாக மென்றது.

"அந்த டாக்டர் இருந்திருந்தா நானே சொல்லியிருப்பேன்" என்றாள். பிறகு சுவரில் ஒரு காலை ஊன்றி, கதவை மறு தோளால் இடித்து, கையை அதன் வாயிலேயே விட்டுவிட்டு வெளியே போனாள். நடையில் அவள் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. ஒற்றைக் கையால் தேடியதால் நேரமாயிற்று. அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

எனக்கு அழுகை வந்தது. மரகதத்துக்காக அழுகிறேன் என்று சொல்லிக்கொண்டேன்.

கதவு வளையல்களைத் துப்பியது. எடுத்துக் கழுவி வைத்தேன். விரிப்பை உதறிப் போட்டு, அவள் பக்கத்துத் தலையணையைத் தட்டி வைத்தேன். அவளுக்கு இன்னும் ஒரு கை இருக்கிறது. காரியம் முடிந்ததும் வந்துவிடுவாள்.