ஓடாத காருக்கு ஓர் எலுமிச்சம்பழம்

உருத்திரமூர்த்தி முழந்தாளில் நின்று அவசர அவசரமாகச் சுரண்டிக்கொண்டிருந்தான். கையில் பெயின்ற் சுரண்டும் தகடு. காரின் இடது முன்சில்லுக்குப் பின்னால், சீமெந்துத் தரையோடு சப்பளிந்து ஒட்டிக் கிடந்தது ஓர் எலுமிச்சம்பழம். சில்லு ஏறி இறங்கியிருந்தது. ரயரின் பள்ளத்துக்குள் ஒரு விதைகூட மாட்டியிருந்தது.

ஏல மண்டபத்துக்கு வெளியே கார்க் கதவுகள் அடிபடும் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. ஏலத்துக்கு ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். முதல் ஆள் உள்ளே கால் வைப்பதற்குள் இந்தத் தரை துப்புரவாக வேண்டும்.

அவன் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் கார் ஓடாத கார்.

அமெரிக்க டொட்ஜ் சார்ஜர். கறுப்பு நிறம். அறுபத்தொன்பதாம் ஆண்டு வண்டி. ஜெர்மனியில் இருந்த ஓர் அமெரிக்கச் சிப்பாய் ஆசைக்கு வாங்கி, கொஞ்ச நாள் ஓடி, ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது ஒரு விவசாயியின் வைக்கோல் கொட்டிலில் விட்டுவிட்டுப் போனானாம். பதினெட்டு வருடம் அது அங்கேயே கிடந்ததாம். ஏலக் கம்பனி முதலாளி ஹெர் ஹென்செல் இந்தக் கதையை வழுவழுப்பான தாளில் அச்சடித்து ஐரோப்பா முழுக்க அனுப்பியிருந்தார். மீட்டரில் ஏழாயிரத்துச் சொச்சம் மைல். அந்த இலக்கந்தான் காரின் உயிர். இதே வண்டி நாலு ஊர் சுற்றியிருந்தால் பழைய இரும்பு விலை. ஓடவில்லை என்பதற்காகத்தான் மியூனிக்கிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் ஆட்கள் டுசல்டோர்ஃபுக்குப் பறந்து வருகிறார்கள். சாவகச்சேரியில் ஒரு கார் பதினெட்டு வருடம் ஓடாமல் கிடந்திருந்தால் அதற்குள் கோழி அடைகாத்திருக்கும் என்று உருத்திரமூர்த்தி ஒருமுறை சொல்ல, ஹென்செல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இப்போது சிரிப்பு வரவில்லை. எலுமிச்சம்பழத்தைச் சில்லுக்குக் கீழே வைப்பது கார் ஓடப் போகும்போது. ஜெர்மன்காரன் அதைச் செய்யமாட்டான். இந்த மண்டபத்துக்குள் அதைச் செய்யக்கூடிய தமிழர் இரண்டே பேர். ஒன்று, கார்களுக்குப் பொலிஷ் போடுகிற அவன். மற்றது, அவனோடு வேலை செய்யும் ஸ்ரனிஸ்லாஸ்.

கடைசித் துண்டுத் தோல் கழன்று வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தோலில் கறுப்பாகச் சின்னச் சின்ன ஆணிகள் குத்தியிருந்தன.

செய்வினை.

எலுமிச்சம்பழத்தில் ஆணி குத்தினால் வேறென்ன? மூக்கருகே கொண்டுபோனான். வாசம் வேறு சொன்னது. ஆணி இல்லை. கராம்பு. புரியாணிக்குப் போடுகிற அதே கராம்பு. முள்ளுக்கு இங்கே எங்கே போவது என்று எவனோ கராம்பால் ஒப்பேற்றியிருக்கிறான். ஆருக்கு? தனக்கா?

தோலையும் கராம்பையும் பொலிஷ் துணியில் சுற்றிக் களிசான் பைக்குள் திணித்தான். பிறகு, பார்க்காமல் விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கக்கூடிய ஒன்றைப் பார்த்தான். காருக்குள் தலையை விட்டு, மீட்டருக்குப் பின்னால் கையை நுழைத்துத் தடவினான். மீட்டர் கேபிளைப் பிடித்திருக்கும் திருகுச் சுரை, விரலால் தொட்டதும் சுற்றியது.

இந்த வித்தை அவனுக்கு நன்றாகவே தெரியும். ஊரில் அவன் ஏ-ஃபோர்ட்டி ஹயர் கார் ஓடினவன். கார்ச் சொந்தக்காரன் மைல் கணக்குப் பார்த்துக் காசு கேட்பான். ஓடுகிறவன் கேபிளைக் கழற்றிவிட்டு ஓடுவான். கார் காரைநகர் போய் வந்தாலும் மீட்டர் வீட்டிலேயே படுத்திருக்கும். போன மாதம் மத்தியானச் சாப்பாட்டின்போது இதைச் சொல்ல, ஸ்ரனிஸ்லாஸ் ஜெர்மனில் மொழிபெயர்க்க, ஹென்செலோடு முழு வேலைத்தலமும் சிரித்தது.

அப்படியானால் எவனோ நேற்று இந்தக் காரைக் கேபிள் கழற்றி ஓடியிருக்கிறான். ஓடுமுன் எலுமிச்சம்பழமும் வைத்திருக்கிறான்.

மண்டபத்துக் கதவுக்குத் திறப்பு இரண்டு. ஒன்று ஹென்செலிடம். மற்றது உருத்திரமூர்த்தியிடம், அவனும் ஸ்ரனிஸ்லாசும் வாடகைக்கிருக்கும் அறையின் சுவர் ஆணியில் தொங்கும். நேற்று வெள்ளிக்கிழமை, சூரிச்சிலிருந்து ஒரு தொலைபேசி வந்த பிறகு ஹென்செல் இருவரையும் நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். உருத்திரமூர்த்தி போய்ப் படுத்துவிட்டான். ஸ்ரனிஸ்லாஸ் விளக்கு வைத்த பிறகுதான் வந்தான். எங்கே போனாய் என்றதற்கு, சும்மா நடந்தேன் என்றான். அவனுடைய சப்பாத்தில் அவ்வளவு சேறு இருந்தது.

 அடுத்த மாதம் உருத்திரமூர்த்தியின் அகதி வழக்கு. மனைவி மகாதேவி கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் பிள்ளையை வைத்துக்கொண்டு, அந்த ஒரு டெர்மினை, அந்த நீதிமன்றத் தவணையை, நம்பிக் காத்திருக்கிறாள். பொலிஸில் ஒரு முறைப்பாடு போதும். நீதிபதி முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கமாட்டார்.

அவன் ஸ்ரனிஸ்லாசைக் கார் கழுவுகிற கொட்டிலில் பிடித்தான். தண்ணீர்க் குழாயை மூடினான்.

"டேய், உண்மையைச் சொல். நேற்று எங்கை போனனி?"

"என்ன அண்ணை, பொலிஸ் மாதிரிக் கேக்கிறியள்?"

"பொலிஸ் வாறதுக்கு முதல் நான் கேக்கிறன்."

ஸ்ரனிஸ்லாஸ் அவனை உற்றுப் பார்த்தான். பாசையூர்க்காரன், யாழ்ப்பாணத்தில் மினிபஸ் ஓடியவன். கழுத்தில் சிலுவை, ஆனால் புது வண்டி எடுத்தால் மாதாவிடம் மன்றாடிவிட்டு எலுமிச்சம்பழமும் வைப்பான். இந்த வசந்தத்தில் பழைய ஓப்பல் ஒன்று வாங்கியபோது இதே முற்றத்தில் நாலு சில்லுக்கும் நாலு பழம் வைத்து நசித்தான். ஜெர்மன்காரர் எல்லாரும் கூடி நின்று கைதட்டினார்கள். ஹென்செல் படம்கூடப் பிடித்தார்.

"எலுமிச்சம்பழத்தைக் கண்டிட்டியளோ?" என்றான் ஸ்ரனிஸ்லாஸ் மெல்ல.

உருத்திரமூர்த்திக்குக் குப்பென்று சூடேறியது. "அப்ப நீதான் வைச்சனி."

"நானோ? அண்ணை, நீங்கள்தான் எண்டு நினைச்சு நான் காலமையிலையிருந்து வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறன். தூசி தட்டேக்குள்ளை கண்டனான். பெரிய மனிசன் ஆசைக்கு ஒரு ஓட்டம் ஓடிப்போட்டார், காட்டிக் குடுக்கக்கூடாது எண்டு பேசாமல் விட்டன்."

"கதை விடாதை. உன்ரை சப்பாத்துச் சேறு?"

ஸ்ரனிஸ்லாசின் முகம் சுருங்கியது. பக்கத்து நகரமான எசனுக்குப் போனதாகச் சொன்னான். புஸ்பவதி அக்கா தன் தங்கையைக் கலியாணம் பேசித் தருவதாகச் சொல்லி வரச் சொன்னாளாம். அகதி ஊர் எல்லையைத் தாண்டுவதற்கு எடுக்கவேண்டிய அனுமதித் தாளை எடுக்கவில்லை. அதனால் பெரிய ஸ்ரேசனில் இறங்கப் பயந்து ஒரு தரிப்பு முந்தி இறங்கி, தோட்டங்களுக்குள்ளால் நடந்து போனானாம். பெண்ணைக் காட்டவும் இல்லை, தேத்தண்ணி மட்டும் தந்தார்களாம்.

நம்பலாமா? உருத்திரமூர்த்திக்குத் தெரியவில்லை. சொல்கிறவன் கண் கலங்கித்தான் சொன்னான். ஆனால் மினிபஸ்காரன் ரிக்கற் பரிசோதகருக்கும் கண் கலங்கித்தான் சொல்வான். கராம்பைப் பற்றி உருத்திரமூர்த்தி வாய் திறக்கவில்லை. இவன் வைத்திருந்தால் இவன் வாயாலேயே அது வரட்டும்.

"பழத்தைச் சுரண்டியாச்சு. நீ ஒருத்தரிட்டையும் மூச்சு விடாதை."

"சத்தியமா விடன். நீங்களும் விடாதேங்கோ."

இருவரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டே மண்டபத்துக்குள் போனார்கள்.

ஏலம் தொடங்கியது. ஓகஸ்ட் வெக்கை, கதவெல்லாம் திறந்திருந்தது. இரண்டு மூன்று கார்கள் சோர்ந்துபோய் விலைப்பட்டன. சார்ஜரின் முறை வந்ததும் கூட்டம் கதிரை நுனிக்கு வந்தது. நாற்பதாயிரம் மார்க் போகும் என்று ஹென்செலே சொல்லியிருந்தார். நாற்பது ஒரு மூச்சில் கடந்தது. எண்பதில் மியூனிக்காரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். ஒரு லட்சத்தில் அவன் எழுந்து வெளியே போய்விட்டான். பிறகும் பின்வரிசையில் ஒரு கை ஏறிக்கொண்டேயிருந்தது. ஒரு லட்சத்து அறுபதினாயிரத்தில் சுத்தியல் விழுந்தது.  ஓடாத ஒரு காருக்கு டுசல்டோர்ஃபில் நல்ல வீடு வாங்கும் காசு.

வாங்கியவர் சூரிச்சுக்காரர். காசோலை எழுதவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் தலையை அசைத்தார். கட்டையாக மயிர் வெட்டி, நீலக் களிசான் போட்ட ஃப்ராவ் றோடர், அவருடைய பொறியியலாளர். அவள் பார்த்துச் சரி என்றால்தான் காசு. நேற்றுச் சூரிச்சிலிருந்து தொலைபேசியில் சொன்ன நிபந்தனை அதுதான் என்று ஸ்ரனிஸ்லாஸ் காதுக்குள் மொழிபெயர்த்தான்.

அவள் காருக்குள் மல்லாக்கப் படுத்து ரோச் லைற் அடித்தாள். பிரேக் பெடலின் ரப்பரை நகத்தால் கீறி, அது புத்தம் புதியது என்றாள். ஓடாத காருக்கு ஏன் புது ரப்பர் என்று கேட்டாள். மீட்டருக்குப் பின்னால் கையை விட்டாள். உருத்திரமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டான்.

கேபிள் கழற்றப்பட்டிருக்கிறது, அதுவும் ஒருமுறை அல்ல என்றாள். சுரையின் விளிம்பு தேய்ந்திருக்கிறது. இந்தக் கார் பல வருடம் மீட்டர் இல்லாமல் ஓடியிருக்கிறது.

ஹென்செல் அதிர்ச்சியடைந்தவரைப் போல் நெற்றியில் கை வைத்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார். அவர் விரல் நீண்டது. உருத்திரமூர்த்தியின் நெஞ்சை நோக்கி.

"இவர்கள்தான் களவாக எடுத்து ஓடியிருக்கிறார்கள். தங்கள் நாட்டில் கேபிளைக் கழற்றி ஓடியதாக இவரே என்னிடம் பெருமையடித்தார். கேளுங்கள்."

நாற்பது தலைகள் திரும்பின. உருத்திரமூர்த்திக்கு மகாதேவியின் முகம் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

ஹென்செல் விடவில்லை. சூரிச்சுக்காரரின் தோளில் கை போட்டார். வண்டி எடுக்குமுன் இவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது, தன்னிடம் படமே இருக்கிறது என்றார்.

"நம்பாவிட்டால் இடது முன்சில்லுக்குப் பின்னால் பாருங்கள். எலுமிச்சம்பழம் நசிந்து கிடக்கிறது."

ஃப்ராவ் றோடர் குனிந்தாள். தரையில் கன்னம் படப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"எந்த எலுமிச்சம்பழம்?"

ஹென்செலும் குனிந்தார். தரை கண்ணாடி மாதிரிக் கிடந்தது. அவருடைய கழுத்துச் சிவந்து காது வரை ஏறியது.

ஸ்ரனிஸ்லாஸ் உருத்திரமூர்த்தியைப் பார்த்தான். உருத்திரமூர்த்தி ஸ்ரனிஸ்லாசைப் பார்த்தான். காலையிலிருந்து இருவருக்கும் நடுவில் நின்ற சந்தேகம் அந்த ஒரு பார்வையில் உதிர்ந்தது. கண்டது இரண்டே பேர். இருவரும் மூச்சு விடவில்லை. சுரண்டி எடுத்ததும் மூன்றாம் ஆளுக்குத் தெரியாது. அப்படியானால் பழம் எந்தச் சில்லுக்குப் பின்னால் கிடந்தது என்று அறிந்திருக்கக்கூடிய ஆள் உலகத்தில் அதை வைத்தவன் ஒருவன்தான்.

உருத்திரமூர்த்தி முன்னால் வந்தான். பையிலிருந்த துணியை எடுத்துக் காரின் முகப்பில் விரித்தான்.

"தம்பி, வடிவாச் சொல்லு. இது அங்கை கிடந்ததுதான். காலமை நான் சுரண்டினனான். பயத்திலை சுரண்டினனான். ஆனால் நாங்கள் பழத்தை முழுசாத்தான் வைக்கிறது. கராம்பு குத்துறதில்லை. அது எங்கடை வழக்கமில்லை."

ஸ்ரனிஸ்லாஸ் சொல் சொல்லாக மொழிபெயர்த்தான். ஃப்ராவ் றோடர் ஒரு கராம்பை எடுத்து முகர்ந்தாள். அவள் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு சிரிப்பு வந்தது.

"இது எங்கள் வழக்கம்" என்றாள். "கோடையில் குளவி கேக்கில் மொய்க்காமல் இருக்க."

அவள் நேரே நடந்தாள். மண்டபத்தின் மூலையில் ஹென்செலின் கண்ணாடி அறை. ஹென்செல் ஏதோ சொல்லிக்கொண்டே குறுக்கே வந்தார். சூரிச்சுக்காரர் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். கதவு திறந்தது. மேசையில் நேற்றைய கோப்பி, பாதி சாப்பிட்ட பிளம்ஸ் கேக், அதன்மேல் இரண்டு குளவிகள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தட்டு.

தட்டில், உடல் முழுக்கக் கராம்பு குத்தி, வெட்டின முகம் மேலே பார்க்க இருந்தது எலுமிச்சம்பழத்தின் மற்றப் பாதி.