ஹைதம் பாராட்டிய வாளி

ஜோர்டானின் அம்மான் நகரில் ஹைதமுக்குத் திட்டுவதுதான் தொழில். யாரும் வாங்காமல் கிடக்கிற வீடியோ கேமாகப் பார்த்து எடுப்பான், கொஞ்ச நேரம் ஆடுவான், பிறகு கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து அதை நார்நாராகக் கிழிப்பான். சேனலின் பெயர் 'குப்பைத்தொட்டி'. வியாழக்கிழமை ஆனால் லட்சக்கணக்கான பேர் அந்தக் கிழிசலுக்காக வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தார்கள். அவர்கள் மீதும் ஹைதமுக்கு மரியாதை கிடையாது. "மாட்டுக்குத் தவிடு வைக்கிற மாதிரிதான்டா. அளவு குறையக் கூடாது, அவ்வளவுதான்" என்பான் நிதாலிடம். நிதால் அவனுடைய வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறவன். ஜபல் வைப்தே பகுதியில் இருவரும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள்.

அந்த வாரம் சிக்கியது 'வாளி' என்ற ஆட்டம். கூரைக்குக் கூரை தாவிப் போகிற ரகம். முகப்புப் படத்தில் குண்டாக ஒரு பெண்மணி, வீட்டு அங்கியோடு, கையில் மஞ்சள் வாளி. எழுத்துகள் கோணல்மாணலாகக் கிடந்தன.

"பினாயில் பாட்டில் மேல ஒட்டுற படம் மாதிரி இருக்குடா!" என்று ஹைதம் கைகளைத் தேய்த்துக்கொண்டான். "தாவுற கேமை எவன் வேணா பண்ணுவான். ஒரு பொம்மை, ஒரு பள்ளம், முடிஞ்சுது. இதுக்கு அரை மணி நேரமே ஜாஸ்தி."

மைக்கைப் போட்டுக்கொண்டு ஆடத் தொடங்கினான். அந்தப் பெண்மணி மொட்டைமாடி மொட்டைமாடியாகத் தாவி, தண்ணீர் வராத வீடுகளுக்கு வாளியில் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். வாளி நிறைந்திருந்தால் கனம், தாவல் எட்டாது. தண்ணீர் சிந்தச் சிந்த உயரமாகத் தாவலாம். ஆனால் காலி வாளியோடு போய் நின்றால் எவரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

"பாருங்க நடையை! வாத்து கூட இதைவிட ஒழுங்கா..." என்று ஆரம்பித்த ஹைதம் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நிதால் ஃபலாஃபல் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தபோது மைக் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. ஹைதம் முன்னால் குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரே கூரையில் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தான்.

"சாப்பிடுடா."

"பேசாதே. சிந்திடும்."

மறுநாள் முழுவதும் ஆடினான். புதன்கிழமை சாயங்காலம் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "இது நல்லா இருக்கு" என்றான்.

"எந்த அர்த்தத்துல?" என்று கேட்டான் நிதால்.

"நல்லா இருக்குங்கற அர்த்தத்துல, கழுதை."

பாராட்டியே வீடியோ போட்டான். அற்புதம் என்றான், கலை என்றான், கண்ணீர் வந்தது என்றான். உண்மையிலேயே குரல் கொஞ்சம் நடுங்கியது. பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் இதுவரை போட்ட நக்கலிலேயே இதுதான் உச்சம் என்று எழுதினார்கள். நடுங்கிய இடத்தை மட்டும் வெட்டி ஆளாளுக்குப் பரப்பினார்கள். அதோடு விட்டார்களா, ஆட்டம் விற்கிற பக்கத்துக்கே படையெடுத்துப் போனார்கள். 'அற்புதம், என் வாளி நிறைய அழுதேன்' என்று ஒருவன் எழுத, அதையே ஆயிரம் பேர் காப்பியடித்தார்கள். சொந்தமாக ஒரு கேலி எழுதக்கூடத் துப்பில்லாத கூட்டம்.

"நிஜமாத்தான் சொன்னேன்" என்று ஹைதம் கமெண்டில் எழுதினான். அதற்கும் சிரித்தார்கள்.

ஆட்டத்தை உருவாக்கியவள் அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதில் போட்டிருந்தாள்: 'நான் இர்பிதில் பல் டாக்டர். குப்பைத்தொட்டி ஐயா ஒருநாள் வரட்டும், ஊசி போடாமல் பிடுங்கி அனுப்புகிறேன்.' பெயர் ரவான் என்று இருந்தது.

ஹைதம் காரை எடுத்துக்கொண்டு இர்பிதுக்குப் போனான். கிளினிக்கில் நோயாளிகளை மட்டும்தான் உள்ளே விடுவார்கள் என்றதும், பல்வலி என்று பொய் சொல்லி நாற்காலியில் சாய்ந்தான். முகமூடி போட்ட ஒரு பெண் வந்து விளக்கைத் திருப்பினாள்.

"ஸலாம், டாக்டர். நான் வந்து..."

அவள் கை அப்படியே நின்றது. "இந்தக் குரலை எனக்குத் தெரியும். வாயைத் திறங்க."

"நான் விளக்கம்..."

"திறங்கன்னேன்." கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள். "நிஜமாவே சொத்தை இருக்கு. வாயை வெச்சுப் பிழைக்கிற ஆளு, அதைக் கொஞ்சம் தேய்க்கக் கூடாதா?"

ஊசி போட்டாள், போடாமல் விடுவேன் என்று எழுதியிருந்தாலும். பிறகு குடைய ஆரம்பித்தாள். குடைந்துகொண்டே பேசினாள். அவனால் ஆ, ஊ என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியவில்லை.

"சாயங்காலம் சாயங்காலம் உக்காந்து மூணு வருஷம் பண்ணினது. யாரும் வாங்கல, சரி, போகட்டும்னு இருந்தேன். உங்க ஆட்டு மந்தை ஒரே நாள்ல வந்து மேஞ்சுட்டுப் போயிடுச்சு. துப்புங்க."

துப்பினான். மரத்துப்போன நாக்கோடு, "நிஜமாவே புடிச்சுது, டாக்டர்" என்றான்.

"என்ன புடிச்சுது?"

"புறாக்கூண்டு இருக்கிற மாடி. வாளி ரொம்பி இருந்துச்சு, அடுத்த மாடி எட்டல. தண்ணியைக் கீழ ஊத்த மனசு வரல, விழுந்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் கூண்டுல தொட்டி காஞ்சு கிடக்குறதைப் பார்த்தேன். புறாவுக்குப் பாதி ஊத்தினேன். அந்தத் தாவல் கச்சிதமா எட்டுச்சு. ஊத்துறதுக்கு ஒரு காரணம் குடுத்திருக்கீங்க."

ரவான் முகமூடியைக் கீழே இறக்கினாள். முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள். ஆனால் குரல் இறங்கவில்லை.

"இதை ஏன் வீடியோவுல சொல்லல?"

ஹைதம் மரத்த கன்னத்தைத் தேய்த்தான்.

"திட்டும்போது மட்டும் இந்த லெவல்ல இந்தப் பலகை கோணல், அந்தச் சத்தம் காதைக் குத்துதுன்னு ஒண்ணொண்ணாச் சொல்றீங்க. நானும் பார்த்திருக்கேன். பாராட்டணும்னதும் அற்புதம், கலை. பல்பசை விளம்பரத்துல கூட இதைத்தான் சொல்றான். அப்புறம் எவன் நம்புவான்? சோம்பேறி. நாலு மணி நேரத்துக்கு எதுவும் சூடாக் குடிக்காதீங்க. அடுத்த ஆளை வரச் சொல்லுங்க."

திரும்பி வருகிற வழி முழுக்க ஹைதமுக்கு முகத்தின் பாதி மரத்துக் கிடந்தது. கோபம் வந்தது. அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கலாம் என்று பாதி வழியில் இருக்கிற ஜெரஷ் ஊர் வரைக்கும் தேடினான், கிடைக்கவில்லை.

அந்த வியாழன் மறுபடியும் 'வாளி'யையே எடுத்தான். அற்புதம், கலை என்ற பேச்சே கிடையாது. புறாக்கூண்டு மாடியை ஆடிக்காட்டினான். எங்கே எவ்வளவு சிந்தினால் எவ்வளவு எழும்பும் என்று காட்டினான். அந்த வாத்து நடை வாளியின் கனத்துக்கு ஏற்ப எப்படி மாறுகிறது என்று நிறுத்தி நிறுத்திக் காட்டினான். குறைகளையும் விடவில்லை. முகப்புப் படம் கேவலம் என்றான்.

தவிட்டுக்குப் பழகிய கூட்டம் கொட்டாவி விட்டது. 'ஹைதம் செத்துட்டான்' என்று எழுதிவிட்டு நிறையப் பேர் போனார்கள். போகாமல் இருந்தவர்களில் சிலர் ஆட்டத்தை வாங்கி ஆடினார்கள். புறாவுக்கு ஊற்றுவதா, செடிக்கு ஊற்றுவதா என்று அடுத்த வாரம் கமெண்டில் ஒருவரையொருவர் முட்டாள் என்று ஏசிக்கொண்டார்கள். விற்பனைப் பக்கத்தில் கேலிகளுக்கு மேலே உண்மையான விமர்சனங்கள் மெல்ல ஏறின.

ரவானிடமிருந்து ஒரு செய்தி வந்தது: 'வீடியோ பார்த்தேன். படம் கேவலம்தான், மாற்றிவிட்டேன். ஆனால் மூன்றாவது மாடியில் அநாவசியமாகச் சிந்தினீர்கள். நீங்கள் ஆடுவது சுமார்.'

ஹைதம் அதை நிதாலுக்கு வாசித்துக் காட்டினான். சேனல் நடத்திய பத்து வருஷத்தில் யாரும் அவன் ஆடியதைக் கவனித்ததில்லை. பேசியதை மட்டும்தான் கவனித்திருந்தார்கள்.

"உன்னைவிட நல்லாத் திட்டுதேடா அந்தம்மா" என்றான் நிதால். "சேனலுக்குக் கூப்பிடு."

"கூப்பிட்டேன். உங்க கூட்டத்துக்கு முன்னால பல்லைக் காட்ட எனக்கு நேரமில்லைன்னுட்டாங்க."