முதலில் அழுதவர்

"இந்த டிரைவைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும். செய்யலாமா?" என்று கேட்டது கணினி. பதினோரு வருஷமாக இவள் கையால் செருகிய டிரைவ். ஒரே ஒரு நாள் அடுத்த மேசைக்குப் போய்வந்தது, இன்று இவளைத் தெரியவே தெரியாது என்கிறது.

ஸ்டுடியோவில் படமெடுப்பது கணவர், ஆல்பமாகச் சேர்ப்பது இவள். போன மாதம் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்தாள், தன் மேக் கணினியோடு. அதன் திரையைத் துடைக்கக் கணவர் தன் கைக்குட்டையையே எடுத்துக் கொடுத்தார். இவள் நீலக் கரை வைத்துத் தைத்த கைக்குட்டை. இவளுடைய விண்டோஸ் பெட்டியின் விசிறி நாலு மாதமாகக் கரகரக்கிறது, கேட்பாரில்லை.

"என்னங்க, டிரைவ் திறக்கல."

"அந்தப் பொண்ணோட மேக்ல அதைப் பாக்கத்தான் முடிஞ்சுது, எதையும் போட முடியல. அதான் மேக்குக்குத் தோதா மாத்திக்கச் சொன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை?"

"சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுப்ப."

"இப்ப மட்டும் எறக்கியா வச்சிருக்கேன்?"

கணவர் கேமராப் பையை மூடினார். "பாத்து. கேமரா கார்டெல்லாம் அழிச்சாச்சு. ஞாயித்துக்கிழமை கல்யாணம் அந்த டிரைவுல மட்டும்தான் இருக்கு."

அவர் படியிறங்கிப் போனார். இவள் விரல் 'ஆம்' மேல் நின்றது. அழுத்தினால் அத்தனை படமும் அழியும். கணினி கேட்டது, பாவம், தெரியாமல் அழுத்திவிட்டாள் என்பார்கள். டிரைவை மாற்றியவள்தானே திட்டு வாங்குவாள்?

"அக்கா," அடுத்த மேசையிலிருந்து அந்தப் பெண் திரும்பாமலே கேட்டாள், "ஞாயித்துக்கிழமை யார் மொதல்ல அழுதாங்கன்னு எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியல. ஃபோல்டருக்குப் பேர் வைக்காம விட்டிருக்கேன்."

விரல் விலகியது. கல்யாணத்தில் முதலில் கண் கலங்கியவரை வைத்துத்தான் ஃபோல்டருக்குப் பெயர் வைப்பாள் இவள். 'பெரியப்பா', 'மாப்பிள்ளையின் தங்கை', ஒருமுறை 'கார் டிரைவர்'. இவளாகக் கண்டுபிடித்த வழக்கம், யாரிடமும் சொன்னதில்லை.

"உனக்கு யாரு சொன்னா?"

"சார்தான். வண்டியில போறப்பல்லாம் இதே பேச்சு. எவ்ளோ அழகான யோசனைன்னு."

பதினோரு வருஷத்தில் இவளிடம் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். புகழ்ந்தது இவளைத்தான். கேட்டது அவள் காது.

'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். டிரைவைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனாள்.

"ரெண்டு கம்ப்யூட்டருக்கும் ஒத்துவர்ற ஃபார்மேட் ஒண்ணு இருக்குக்கா. படங்களை எடுத்து வச்சுட்டு அதுக்கு மாத்திடறேன். ரெண்டு பேரும் வச்சுக்கலாம்."

"ரெண்டு பேரும்," என்றாள் இவள்.

பெண் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். படங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. அம்மா சிரிக்கிறாள். அப்பா கொட்டாவி விடுகிறார். நாற்பதாவது படத்தில் மணமகளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி. இவள் பெரிதாக்கினாள். கண்ணாடிக்குள், ஸ்டாண்டில் நிற்கும் கேமராவுக்குப் பக்கத்தில் கணவர், கண்கள் கலங்கி. விளக்கைத் தூக்கிப் பிடித்த ஒரு கை, நாற்காலி கொடுத்தவளுடையது. அவரை நோக்கி நீண்ட அவளுடைய இன்னொரு கையில் நீலக் கரை.

"யாருன்னு தெரிஞ்சுதாக்கா?"

கீழே, பெயர் எழுத வேண்டிய வெற்றுக் கட்டத்தில், கோடு ஒன்று விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.