நாற்பத்தொரு அம்சமும் ஒரு காலும்

நான் ஆஸ்பத்திரி ஒன்றில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். கட்டிலோ துடைப்பமோ, மூன்று ரகம் வரவழைத்து, கமிட்டி கூட்டி, ஒவ்வொரு அம்சத்துக்கும் மார்க் போட்டு, எது மேலே வருகிறதோ அதை வாங்குவோம். போன வருஷம் அப்படி வாங்கிய துடைப்பம் தொண்ணூற்றாறு மார்க். பெருக்கத்தான் வராது.

இதே முறையில் வீட்டுக்கு வேன் வாங்கக் கிளம்பினேன்.

வேன் என்ற பேச்சே அக்காவால் வந்தது. விழுந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து அவளுக்கு வலது முட்டி மடங்குவதில்லை. எங்கள் சின்ன காரில் அந்தக் காலை வைக்க இடமில்லை. ஒன்றரை வருஷமாக நாங்கள் எங்கே கிளம்பினாலும், "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு வீட்ல வேலை இருக்கு" என்பாள். திரும்பி வந்து பார்த்தால் ஒரு வேலையும் நடந்திருக்காது. ஜன்னலோர நாற்காலி மட்டும் சூடாக இருக்கும். அவள் மகன் ஐந்து மணி நேரத் தூரத்தில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அவன் குடியிருக்கும் வீட்டைப் போனில்தான் பார்த்திருக்கிறாள்.

நாங்கள் முடிவு செய்த வேன் மூன்று ரகத்தில் வந்தது: சாதா, நடுத்தரம், உச்சம். சாப்பாட்டு மேஜையில் கமிட்டி கூடியது. நாற்பத்தொரு அம்சம், ஐந்து உறுப்பினர். என் மகனுக்கு முன்சீட்டின் முதுகில் டிவி வேண்டும். மகளுக்குக் கூரை திறக்க வேண்டும். எனக்குத் தம்ளரைக் குளிரவைக்கும் குழி. பிறந்ததிலிருந்து வெந்நீர் மட்டுமே குடிக்கிறவன் நான். எள்ளு எண்ணெய்க்குக் காய்ந்தது. எலிப்புழுக்கைகளான நாங்களும் கூடவே காய்ந்தோம்.

ஏறி உட்கார்ந்தால் ஊர் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதானே என்றாள் மனைவி. அதைப் 'பொதுக் கருத்து' என்று குறித்து ஓரத்தில் தள்ளினேன்.

அக்கா சொன்னது ஒன்றே ஒன்று. "எதுவானாலும் சரிடா தம்பி."

இதற்கு என் அட்டவணையில் கட்டம் இல்லை. யோசித்து, மூன்று ரகத்துக்கும் எல்லா அம்சத்திலும் அவள் சார்பில் பத்துப் பத்து போட்டேன். நியாயமாகத்தான் தெரிந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "எல்லாத்துக்கும் பத்துன்னா, உங்க அக்கா சொன்னது எங்க நிக்குது?"

"கணக்குப்படி நிக்காது" என்றேன், பெருமையாக வேறு.

உச்ச ரகம் ஜெயித்தது. அதில் நடுவரிசையில் பல் டாக்டர் நாற்காலி போல இரண்டு தனிச் சீட்டு, கால் தாங்கியோடு. சாதாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே பெஞ்சு. 'பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வருகிறது' என்று எழுதி இரண்டு மார்க் கழித்திருந்தேன்.

ஷோரூம் இரண்டு தெரு தள்ளித்தான். அக்கா தடியை ஊன்றி நடந்தே வந்தாள். தன் மகன் அனுப்பி, பெட்டியிலேயே கிடந்த புதுச்செருப்பைப் போட்டிருந்தாள். டை கட்டிய விற்பனைக்காரர் வண்டிக்கு அடியில் காலை வீசிக் காட்டினார். கதவு தானாகத் திறந்தது. "காலை ஆட்டினா போதும் சார், கை வேண்டாம்." நாங்கள் நால்வரும் ஆளுக்கொரு தடவை ஆட்டிப் பார்த்தோம். அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ஏறினாள். கைப்பிடி இடுப்பில் இடித்தது. நீட்டிய கால் என் மகன் கேட்ட டிவியில் போய் முட்டியது. விற்பனைக்காரர் பொத்தானை அழுத்த, சீட்டு கல்யாண மாப்பிள்ளை நடையில் பின்னால் போய் நின்றது. அப்படியும் ஒரு சாண் போதவில்லை. மூன்று தடவை முயன்று பார்த்தாள். நெற்றியில் வியர்வை.

அப்போது நான் சொன்னதை இங்கே எழுதாமல் விடலாம். ஆனால் சொன்னேன். "பழகப் பழக சரியாயிடும்க்கா."

அக்கா இறங்கினாள். "நல்ல வண்டிடா. வாங்கிக்கோ. எனக்கென்ன, வீட்ல வேலை இருக்கு."

மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கு மார்க் போட முடியாது. அக்காவின் கையைப் பிடித்து மூலைக்குக் கூட்டிப்போனாள். அங்கே சாதா ரகம், உள்ளே விளம்பரத்தாள் பெட்டிகளோடு, கொட்டகை போல நின்றது.

"அது வாடகை வண்டிக்காரங்க எடுக்கறது மேடம்" என்றார் விற்பனைக்காரர்.

மனைவி பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையிலேயே அடுக்கினாள். "உக்காருங்க அண்ணி."

அக்கா வெளியே பார்த்தபடி பெஞ்சு விளிம்பில் உட்கார்ந்து, பின்னாலேயே நகர்ந்தாள். ஒரு சாண், இன்னொரு சாண். கால் அவள் பின்னாலேயே வந்து, பெஞ்சின் மேல் நீளமாகப் படுத்துக்கொண்டது, சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி. புதுச்செருப்பை மட்டும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள், சீட்டு அழுக்காகிவிடுமாம்.

மகன் அனுப்பிய அந்தச் செருப்பைத் திருப்பிப் பார்த்தபடி கேட்டாள்.

"அவன் வீட்டுக்கு எத்தனை மணி நேரம்டா?"

"அஞ்சு."

"இதுல பத்து கூட உக்காருவேன்."

டிவி இல்லையே என்று மகன் முனகினான். தம்ளர் குழி இல்லை என்பதை விற்பனைக்காரர் எனக்கு இரண்டு தடவை நினைவூட்டினார். அட்டவணையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். சாதா ரகத்தின் கதவு காலை ஆட்டினால் அசையாது. ஆள் இழுத்துத்தான் சாத்த வேண்டும். இழுத்தேன்.

"மெதுவாடா" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "துடைப்பத்துக்கு மார்க் போட்ட கை அது."

அடுத்த வாரம் அந்தச் சாதா வேனில் அக்காவையும் கூட்டிக்கொண்டு அவள் மகன் வீட்டுக்குப் போய்விட்டு இரண்டாம் நாள் திரும்பினோம். யாரும் பார்க்காதபோது ஜன்னலோர நாற்காலியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது.